நாய் ரத்தத்துக்கு நாய் கிட் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் நம் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சொறிநாய்கள் பெருகிவிட்டன, வெறிநோய் பயத்தில் மக்கள் என்று ஒரு செய்தி, கூடவே முடியெல்லாம் கொட்டிப்போன ஒரு நாயின் படம். படத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கெட்டுவிட்டது, ஏனென்றால் எட்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுச் செவலை அச்சு அசல் அப்படித்தான் இருந்தாள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சொறி வேறு, வெறி வேறு. வெறிநோய் வைரஸால் வருவது, பெரும்பாலும் கடியால் பரவுவது, முடி கொட்டுவது அதன் அறிகுறியே கிடையாது. சொறி என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் வேலை. ரெண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் கல்லெறிகிறவன் கைக்கு இன்னொரு கல் கிடைக்கும், வேறெதுவும் நடக்காது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை. இந்த எட்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை என்ற பெயரில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதை வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக.

நான் இருப்பது ராஜபாளையம். பேண்டேஜ் துணி நெய்கிற பட்டறையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் நாய் 2005இல் தபால்தலையிலேயே வந்தது, அந்தப் பெருமையெல்லாம் எங்களுக்கு உண்டு. செவலை அந்தச் சாதி இல்லை. மில்லுக்குப் பின்னால் குப்பைமேட்டில் கிடந்த தெருநாய்க்குட்டி, ஏழு மாதம் இருக்கும். கண்ணைச் சுற்றி, வாயோரம், முன்கால் ரெண்டிலும் முடி இல்லை, தோல் தடித்துக் கறுத்து, அங்கங்கே சீழ், கிட்டப் போனால் குடலைப் புரட்டுகிற நாற்றம். விசித்திரம் என்னவென்றால் அவள் பெரிதாகச் சொறியவே இல்லை. இது எவ்வளவு முக்கியமான துப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

எதிர்வீட்டு அண்ணாச்சி உடனே கழிவு ஆயில் தடவச் சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் வண்டியிலிருந்து வடிக்கிற கறுப்பு எண்ணெய். தமிழ்நாட்டில் சொறிநாய்க்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லும் வைத்தியம் இதுதான் என்று நினைக்கிறேன். நாய் அதை நக்கும், நக்கினால் உள்ளே போகும், போகாவிட்டாலும் புண்பட்ட தோல் வழியாகவே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். அண்ணாச்சி நல்ல மனுஷன், நாய்மேல் பிரியம் உள்ளவர், தெரியாமல் சொல்கிறார். நல்லவேளை என் மனைவி தடுத்துவிட்டாள்.

அப்புறம் ஒரு தனியார் கிளினிக். பெயர் வேண்டாம். தோலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அலர்ஜி என்று ஒரு ஊசி, ஒரு வாரத்துக்கு மாத்திரை. பத்து நாள் பிரமாதமாக இருந்தது, சிவப்பு குறைந்தது, செவலை வாலாட்டினாள், நாங்கள் லட்டு வாங்கிச் சாப்பிட்டோம். மூன்றாவது வாரம் முதுகு முழுக்கப் பிய்த்துக்கொண்டு போனது. அந்த மாத்திரை ஸ்டீராய்டு என்று அட்டையைப் பார்த்துப் பிறகுதான் தெரிந்தது.

ரெண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா செய்த முதல் வேலை, செவலையின் தோலை ரெண்டு விரலால் பிதுக்கி, பிளேடால் லேசாக ரத்தம் துளிர்க்கும் வரை சுரண்டி, எண்ணெய்த் துளி விட்ட கண்ணாடியில் அதைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்ததுதான். என்னையும் பார்க்கச் சொன்னார். சுருட்டுக்குக் குட்டைக்கால் முளைத்த மாதிரி நாலைந்து நெளிந்துகொண்டிருந்தன. டெமோடெக்ஸ். இது மயிர்க்காலுக்குள் குடியிருக்கும் பூச்சி, பிறந்த ரெண்டு மூன்று நாளில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வருவது, அநேகமாக எல்லா நாய் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி ஒழுங்காக இருக்கும் வரை வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கும். எதிர்ப்புச் சக்தி தடுமாறினால் பெருகும். அந்தச் சக்தியைத்தான் ஸ்டீராய்டு அமுக்குகிறது, ஆக நாங்கள் காசு கொடுத்துப் பூச்சிக்குத் தீனி போட்டிருக்கிறோம். நாயின் டெமோடெக்ஸ் மனிதருக்கு ஒட்டாது.

இன்னொரு வகை உண்டு, சார்காப்டிஸ். அது மேல்தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். அரிப்பு தாங்க முடியாது, நாய் ராத்திரி பகல் சொறியும், காது ஓரம், முழங்கை, பின்கால் மூட்டு என்று தொடங்கும். காதின் ஓரத்தை விரலால் தேய்த்தால் பின்கால் தானாகச் சொறிய எழும், டாக்டர்கள் அதை வைத்தே சந்தேகப்படுவார்கள். இதுதான் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றுவது, தூக்கிக் கொஞ்சுகிற நமக்கும் கை, வயிறு பக்கம் தடிப்பு வரும், ஆனால் நம் உடம்பில் அது நிலைக்காது, நாயைக் குணப்படுத்தினால் நமக்கும் போய்விடும். சுரண்டிப் பார்த்தாலும் பல நேரம் இந்தப் பூச்சி அகப்படாது, அதனால் சந்தேகம் வந்தாலே மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். (சிரங்குக்குக் காரணம் இந்தப் பூச்சிதான் என்று 1687இல் இத்தாலியில் பொனோமோ என்ற மருத்துவர் உலகத்துக்குச் சொன்னதே ஒரு கடிதத்தில்தான். கடிதம் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.)

சரி, ரத்தத்துக்கு வருகிறேன். டாக்டரம்மா செவலைக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தோல் வியாதிக்கு எதற்கு ரத்தம் என்று எனக்குக் கோபம். கொரோனா காலத்தில் நம் வீடுகளிலெல்லாம் சிஆர்பி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தோமே, அந்த சிஆர்பி நாய்க்கும் உண்டு என்றார் அவர். 1930இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற ரெண்டு பேர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்த புரதம் அது. நிமோனியாக் கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து படிந்ததால் சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்று பெயர். உடம்பில் எங்காவது அழற்சி, அதாவது வீங்கிச் சிவந்து எரிகிற நிலை, வந்தால் அங்கேயிருக்கிற செல்கள் இன்டர்லூகின்-6 போன்ற செய்திகளை அனுப்பும், ஈரல் அதைக் கேட்டு இந்தப் புரதத்தை அள்ளி ரத்தத்தில் கொட்டும்.

இதில் நாய் நம்மைப் போலத்தான், சிஆர்பிதான் அதற்குப் பெரிய அபாய மணி. ஆரோக்கியமான நாய்க்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்கும், பெரிய அழற்சி வந்தால் சில மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் நூறைத் தாண்டிவிடும், அழற்சி அடங்கினால் அதே வேகத்தில் இறங்கும். பூனைக்கு இது உதவாது, அதற்கு சீரம் அமிலாய்டு ஏ என்ற இன்னொரு புரதத்தைப் பார்க்க வேண்டும். மாட்டுக்கு ஹாப்டோகுளோபின். ஈரல் எல்லா உயிருக்கும் ஈரல்தான், ஆனால் ஆபத்துக்கு எந்த மணியை அடிப்பது என்று ஒவ்வொன்றும் வேறு மாதிரி முடிவு செய்து வைத்திருக்கிறது.

இங்கேதான் என் முட்டாள்தனம். டாக்டரம்மா ரத்தத்தை எடுத்துப் பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டும், ரெண்டு மூன்று நாள் ஆகும் என்றார். எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் தெருமுனையில் மனிதர்களுக்கான லேப் ஒன்று இருக்கிறது, தெரிந்த பையன், ஒரு குழாய் ரத்தத்தை அவனிடம் கொடுத்து சிஆர்பி பாருடா தம்பி என்றேன். ஒரு மணி நேரத்தில் அச்சடித்த ரிப்போர்ட். லிட்டருக்கு 1.2 மில்லிகிராம், நார்மல். மனைவியிடம் காட்டினேன், அண்ணாச்சியிடம் காட்டினேன், உள்ளே ஒன்றுமில்லை வெளியே மட்டும்தான் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை எதற்கு என்று மூன்று நாள் கொடுக்கவில்லை. நாலாவது நாள் செவலை சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கவே இல்லை.

டாக்டரம்மா அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத் திட்டவில்லை, சிரித்தார், அது திட்டியதைவிட மோசம். மனிதர்களுக்கான பரிசோதனைக் கிட்டில் இருப்பது மனித சிஆர்பியைப் பிடிப்பதற்காகச் செய்த எதிர்ப்புரதம். நாயின் சிஆர்பி கொஞ்சம் வேறு வடிவம். சில மனிதக் கிட்டுகள் நாயுடையதையும் பிடிக்கும், நாய் ரத்தத்தை வைத்து முறையாகச் சரிபார்த்துப் பயன்படுத்தும் ஆய்வகங்களும் உண்டு, ஆனால் அப்படிச் சரிபார்க்காத மெஷினில் வருகிற 1.2 என்பது 'அழற்சி இல்லை' என்ற பதில் இல்லை, 'எனக்கு இந்த பாஷை தெரியாது' என்ற பதில். மெஷின் பாவம், அதை அச்சடிக்கத் தெரியாமல் நார்மல் என்று அடித்துவிடுகிறது. பெரிய ஊர் ரிப்போர்ட்டில் செவலையின் எண் 64.

மற்றதெல்லாம் அந்தத் தாளிலேயே இருந்தன, பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை. ஹீமோகுளோபின் 9க்குக் கீழே. இரும்புச் சத்து இல்லாமல் அல்ல, நாள்பட்ட அழற்சியில் உடம்பு இரும்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும், கிருமிக்குக் கிடைக்கக் கூடாதென்று, அதனால் டானிக் ஊற்றி ஏறாது. வெள்ளணுக்களில் நியூட்ரோபில் ஏறியிருந்தது, லிம்போசைட் குறைந்திருந்தது. ரத்தப் புரதங்களில் அல்புமின் இறங்கி குளோபுலின் ஏறி, ரெண்டுக்குமான விகிதம் தலைகீழாகியிருந்தது. ஈரல் அவசரப் புரதங்களைச் செய்யும்போது அல்புமின் செய்வதைக் குறைத்துக்கொள்ளும், எதிர்ப்புரதங்கள் கூடுவதால் குளோபுலின் ஏறும். இந்தக் கடைசிக் கணக்குக்கு விசேஷக் கிட் எதுவும் வேண்டாம், சாதாரண ஆய்வகத்திலேயே குறைந்த செலவில் முடியும், நாய்க்குரிய அளவு எது என்று தெரிந்த டாக்டர் ஒருவர் பார்த்தால் போதும். டெமோடெக்ஸ் நாய்களின் ரத்தம் இப்படி மாறுவதை நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள், பரேலி பக்கம் இஜத்நகரில் இருக்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் 2008இல், ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் (செல்களைக் கெடுக்கும் ரசாயன நெருக்கடி) கூடியிருப்பதையும் துத்தநாகமும் தாமிரமும் குறைந்திருப்பதையும் எழுதியிருக்கிறார்கள். தோலில் தெரிவது புகை மட்டும்தான், அடுப்பு உள்ளே எரிகிறது.

ஆனால் ரத்தத்தையே நம்பிவிடக் கூடாது என்பதையும் செவலைதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஆன்டிபயாட்டிக், மருந்து ஷாம்பூ, பூச்சிக்கு ஐசாக்ஸசோலின் வகை மாத்திரை (ஒரு மாத்திரையின் விலை எங்கள் வீட்டு மாதப் பால் கணக்கைத் தாண்டியது, அதைப் பற்றி மனைவிக்கு இன்னும் முழு உண்மை தெரியாது, இந்தக் கடிதம் பிரசுரமானால் தெரியும்). மூன்று வாரத்தில் சிஆர்பி 7. பசி வந்துவிட்டது, முதுகில் பொன்னிறமாக முடி முளைத்துவிட்டது. நான் மருந்தை நிறுத்தலாமா என்றேன். டாக்டரம்மா மறுபடி பிளேடை எடுத்தார். கண்ணாடியில் பூச்சி உயிரோடு நெளிந்தது!

சிஆர்பி பூச்சியை எண்ணுவதில்லை. செவலையின் எண்ணை 64க்கு ஏற்றியது பெரும்பாலும் பூச்சி கிளப்பிவிட்ட இடத்தில் புகுந்த பாக்டீரியாவும் ஆழத்தில் பிடித்த சீழும்தான், அது அடங்கியதும் எண் இறங்கிவிட்டது, பூச்சி பாட்டுக்கு இருந்தது. சீழ் பிடிக்காத லேசான சொறியில் சிஆர்பி ஏறாமலேகூட இருக்கலாம். பூச்சி இருக்கிறதா என்பதற்குச் சுரண்டல், உடம்பு எவ்வளவு எரிகிறது என்பதற்கு ரத்தம், ஒன்றின் கேள்விக்கு மற்றது பதில் சொல்லாது. மாதத்துக்கு ஒரு தரமாக ரெண்டு தடவை சுரண்டி ரெண்டு தடவையும் பூச்சி இல்லை என்று வந்த பிறகும் இன்னொரு மாதம் மருந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் முறை. முடி முளைத்ததும் நிறுத்துகிறோமே, அது புண்ணுக்குப் புனுகு தடவுவதுதான், சில மாதத்தில் திரும்பி வந்து நிற்கலாம்.

ஸ்டீராய்டு இங்கேயும் குழப்பும். நாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் ஹாப்டோகுளோபின் தானாகவே ஏறும், அழற்சி இல்லாவிட்டாலும். நியூட்ரோபிலும் ஏறும், லிம்போசைட்டும் ஈஸ்னோபிலும் இறங்கும். செவலையின் முதல் ரத்தத் தாளில் அந்த ஊசி, மாத்திரையின் கைவேலை எவ்வளவு, சீழின் கைவேலை எவ்வளவு என்று பிரிக்க டாக்டரம்மா தடுமாறினார். எங்கே காட்டினோம், என்ன கொடுத்தார்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், மருந்து அட்டையைத் தூக்கி எறியாதீர்கள்.

ஐவர்மெக்டினைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் மாட்டுக்கான ஊசி மருந்தை மெடிக்கலில் வாங்கி நாய்க்குத் தாங்களே போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்த ஓமுராவுக்கும் கேம்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள், அருமையான மருந்து, மறுக்கவில்லை. ஆனால் கோலி என்ற மேய்ப்பு நாய் மாதிரியான சில சாதி நாய்களில் மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் ஒரு ஜீன் பழுதாக இருக்கும், அதற்கு சொறிக்கான அளவில் போட்டால் மயங்கி விழும், சாகவும் சாகும். தெருவில் கிடைத்த கலப்பு நாய்க்குத் தாத்தா யார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

செவலைக்குக் கருத்தடை செய்ய வேண்டியிருந்தது. உடம்பு முழுக்க டெமோடெக்ஸ் வந்த குட்டிநாய்க்கு அந்தப் பலவீனம் பெரும்பாலும் பரம்பரையாக வருவது, அதை இனப்பெருக்கம் செய்ய விடக் கூடாது, பெட்டையாக இருந்தால் சூட்டுக்கு வரும் காலத்தில் நோய் திரும்பவும் வரலாம். இதை எங்கள் ஊரில் குட்டி விற்கிற சில பேரிடம் சொன்னால் முறைப்பார்கள். தபால்தலையில் வந்த சாதி என்று பேசிக்கொண்டே சொறி வந்த பெட்டையை மறைத்து ஈனவைத்தால் அடுத்தடுத்த தலைமுறை என்னாகும் என்று அவர்களே யோசிக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு, செவலையின் ஆபரேஷனை டாக்டரம்மா மூன்று மாதம் தள்ளிப்போட்டார். அல்புமின் இறங்கி சிஆர்பி ஏறியிருக்கும் உடம்பில் கத்தி வைத்தால் தையல் சரியாகச் சேராது, மயக்க மருந்தும் சிக்கல்.

நகராட்சி வண்டி பிடித்துக்கொண்டு போகிற தெருநாய்க்கு யார் இதைப் பார்க்கிறார்கள்? 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலில் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கச் சொல்லிவிட்டு, அதே மாதம் 22ஆம் தேதி அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் தவிர, என்றது. நல்லது. அப்படியானால் கருத்தடை மையத்துக்கு வருகிற ஒவ்வொரு நாயும் ரெண்டொரு நாள் நம் கையில் இருக்கிறது. ஒரு சுரண்டல், ஒரு சாதாரண ரத்த எண்ணிக்கை, அல்புமின்-குளோபுலின், முடிந்தால் நாய்க்கான சிஆர்பி. சொறி பிடித்ததைத் தனியாக வைத்துப் பூச்சி மருந்து கொடுத்து, எண் இறங்கிய பிறகு ஆபரேஷன். ஒரே கூண்டில் சார்காப்டிஸ் நாயையும் நல்ல நாயையும் அடைத்து எல்லாவற்றுக்கும் சொறி ஏற்றித் தெருவில் விடுவதைவிட இது செலவு கம்மி.

பல மாவட்டங்களில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அங்கே நல்ல வேலை நடக்கிறது, குறை சொல்லவில்லை. நாய்க்கென்று சரிபார்த்த சிஆர்பி பரிசோதனை ஒன்றை அங்கே வைத்தால், என்னைப் போன்றவன் தெருமுனை லேபுக்கு ஓட மாட்டான். கால்நடைத் துறை அதிகாரிகள் நம் நாளிதழைப் படிக்கிறார்கள் என்று தெரியும், அதனால்தான் அவர்களுக்கு மனு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அப்புறம் உங்கள் நிருபருக்கு ஒரு வேண்டுகோள், அடுத்த முறை சொறிநாய்ச் செய்தி போடும்போது ஒரு கால்நடை மருத்துவரிடம் ஒரு வரி கேட்டுப் போடுங்கள்.

செவலைக்கு ரெண்டு சுரண்டலும் சுத்தமாக வந்துவிட்டது, போன மாதம் கருத்தடையும் ஆகிவிட்டது. ஆனாலும் மருந்து நிறுத்திய நாளிலிருந்து ஒரு வருஷம் போன பிறகுதான் குணம் என்று எழுதுவேன் என்கிறார் டாக்டரம்மா. தெருமுனை லேப் தம்பி நேற்று வழியில் பார்த்து, நாய் எப்படி இருக்குது மாமா என்று கேட்டான். இப்போது நார்மல்தான் என்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
ராஜபாளையம்.